நாட் அனதர் டீன் மூவி: டிவிடியில் எந்தப் பதிப்பை வாங்கலாம், எப்படிப் பார்க்கலாம்

பகடிப் படத்தின் டிவிடி கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது, பின்னணியில் ஏதாவது பலகை தெரியும் இடத்தில் பாஸ் அழுத்துங்கள். அதில் உள்ள எழுத்தைப் படிக்க முடிகிறதா? காதல் படத்துக்கோ சண்டைப் படத்துக்கோ இந்தச் சோதனை தேவைப்படாது. அமெரிக்கப் பதின்வயதுப் படங்களைக் கேலி செய்து ஜோயல் கேலன் இயக்கிய 'நாட் அனதர் டீன் மூவி'க்குக் கட்டாயம் தேவை. இதன் நகைச்சுவையில் கணிசமான பகுதியைச் சுவரில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.

கதை நடக்கும் பள்ளிக்கூடத்தின் பெயர் ஜான் ஹியூஸ் ஹை ஸ்கூல். எண்பதுகளில் அமெரிக்கப் பதின்வயதுப் படங்களுக்கு அச்சு வார்த்தவர் ஜான் ஹியூஸ், அவருக்கு வைத்த வணக்கம் இது. சாப்பாட்டுக்கூடத்தின் பெயர் 'ஆண்டனி மைக்கேல் டைனிங் ஹால்'. ஹியூஸ் படங்களில் ஒல்லிப் பையனாக வந்த ஆண்டனி மைக்கேல் ஹாலின் பெயரைப் பிரித்து நடுவில் ஒரு 'டைனிங்'கைச் செருகிவிட்டார்கள். மைதானம் 'ஹாரி டீன் ஸ்டேடியம்'. 'பிரிட்டி இன் பிங்க்' படத்தில் நாயகியின் அப்பாவாக நடித்த ஹாரி டீன் ஸ்டான்டனின் பெயர்தான் அங்கே ஸ்டேடியமாகியிருக்கிறது. அதே அப்பா பாத்திரத்தின் நகலாக இந்தப் படத்தில் ராண்டி குவைட் குடிகார அப்பாவாக வருகிறார். பலகையைப் பார்த்தவருக்கு அவர் வரும் காட்சியில் சிரிப்பு இரட்டிப்பாகும். இந்தப் பலகைகளை யாரும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவதில்லை. சில நொடி கண்ணில் பட்டு மறைந்துவிடும்.

தியேட்டரில் அந்தச் சில நொடியோடு போயிற்று. வீட்டில் ரிமோட் நம் கையில் இருக்கிறது. அதனாலேயே இந்தப் படத்துக்கு டிவிடிதான் பொருத்தமான இடம் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் எந்தப் பதிப்பு, எந்த நாட்டு டிஸ்க், பிளேயரில் என்ன செட்டிங் என்பதைப் பொறுத்து அனுபவம் நிறையவே மாறும்.

படம் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது 2001 டிசம்பர் 14-ஆம் தேதி. தயாரிப்பு நீல் மோரிட்ஸ், வெளியீடு கொலம்பியா. ஓடும் நேரம் 89 நிமிடம். பிற்பாடு 'கேப்டன் அமெரிக்கா'வாக உலகமே அறிந்த கிறிஸ் எவன்ஸுக்குப் பெரிய திரையில் கிடைத்த முதல் நாயக வேடம் இதுதான். நாயகி கைலர் லீ. முதல் டிவிடி 2002-இல் வந்தது. 2005-இல் காட்சிகள் சேர்த்து நீட்டிய 'அன்ரேட்டட்' பதிப்பு வந்தது. அதன் நீளம் சுமார் 100 நிமிடம். வாங்க நினைப்பவர் முடிவெடுக்க வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

கதையைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஜேக் வைலர், யாரும் சீண்டாத ஒரு பெண்ணைப் பிராம் ராணியாக்கிக் காட்டுவதாகப் பந்தயம் கட்டுகிறான். பிராம் என்பது பள்ளி இறுதியாண்டில் நடக்கும் நடன விருந்து, அங்கே ஒரு ராஜாவையும் ராணியையும் தேர்ந்தெடுப்பார்கள். பந்தயத்துக்கு மாட்டுகிறவள் ஜேனி பிரிக்ஸ். 1999-இல் வந்த 'ஷீஸ் ஆல் தட்' படத்தின் எலும்புக்கூடு இது. அதில் நாயகன் ஜாக் சைலர், நாயகி லேனி பாக்ஸ். பெயர்களை எவ்வளவு சின்னத் திருப்பத்தில் மாற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 'கான்ட் ஹார்ட்லி வெயிட்' படத்தின் அமாண்டா பெக்கட் இங்கே அமாண்டா பெக்கர்.

ஜேனியைத் தேர்ந்தெடுக்கும் காட்சிதான் படத்தின் தரத்துக்கு நல்ல உரைகல். கூன் விழுந்த பெண் முதலியவர்களையெல்லாம் பார்த்துவிட்டு, இவர்களைச் சுலபமாக ராணியாக்கிவிடலாம், பந்தயத்துக்கு ஆகாது என்று ஒவ்வொருவராகத் தள்ளுகிறார்கள். கடைசியில் ஜேனி வருகிறாள். கண்ணாடி போட்டிருக்கிறாள், குதிரைவால் முடிந்திருக்கிறாள், உடுப்பில் பெயின்ட் ஒட்டியிருக்கிறது. அவ்வளவுதான் குறை. கைலர் லீயின் முகத்தில் எந்தக் குறையும் இல்லை என்பது முதல் ஷாட்டிலேயே தெரியும். இருந்தாலும் பையன்கள் பேயைக் கண்டவர்கள் போலப் பதறுகிறார்கள். பின்னால் அவளை அழகியாக்க வேண்டிய கட்டம் வரும்போது, கண்ணாடியைக் கழற்றி முடியை அவிழ்த்துவிடுவதோடு வேலை முடிகிறது. மூலப் படத்தின் பலவீனத்தைச் சரியாக அந்தப் புள்ளியில் பிடித்துவிட்டார்கள்.

கேலனின் பின்னணி இந்த இடத்தில் உதவுகிறது. எம்டிவி திரைப்பட விருது விழாக்களுக்காக, அந்தந்த வருடத்துப் படங்களைக் கேலி செய்யும் குறும்படங்களைத் தயாரித்துப் பழகியவர் அவர். சில நிமிடத்துக்குள் மூலப் படத்தின் வெளிச்சம், உடை, கேமரா கோணம் எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவர வேண்டிய வேலை அது. அந்தப் பயிற்சி இங்கே காட்சிக்குக் காட்சி தெரிகிறது. ஒளிப்பதிவாளர் ரெய்னால்டோ வில்லலோபோஸ், 1983-இல் வந்த 'ரிஸ்கி பிசினஸ்' படத்தில் ஒளிப்பதிவு செய்தவர்களில் ஒருவர். கேலிக்கு ஆளாகும் வகைப் படத்தை உள்ளிருந்தே அறிந்தவர் கேமராவுக்குப் பின்னால் இருந்திருக்கிறார்.

நடிகர் தேர்விலும் அதே அக்கறை. 'பிரேக்ஃபாஸ்ட் கிளப்'பில் துணை முதல்வராக வந்து மாணவர்களை மிரட்டிய பால் கிளீசன், 16 வருடம் கழித்து அதே அதிகாரியாக இங்கேயும் வருகிறார். 'ஃபெரிஸ் புல்லர்' படத்தில் அப்பாவாக வந்த லைமன் வார்ட் இங்கேயும் அப்பா. 'வார்சிட்டி புளூஸ்' படத்தில் தலையில் அடிபட்டும் ஆடும் கனத்த உடம்பு ஆட்டக்காரனாக வந்த ரான் லெஸ்டர், இங்கே ரெஜி ரே என்ற பெயரில் தன் வேடத்தையே பகடி செய்கிறார். கடைசியில் விமான நிலையத்தில் மாலி ரிங்வால்டு வந்து நிற்பார். ஹியூஸ் படங்களின் நிரந்தர நாயகி அவர். இவர்கள் யார் என்று தெரியாமல் பார்த்தால் பாதிப் படம் கைநழுவும்.

அதனால் டிவிடியைப் போடுவதற்கு முன் குறைந்தது மூன்று படங்களையாவது பார்த்துவிடுவது நல்லது: 'ஷீஸ் ஆல் தட்', 'வார்சிட்டி புளூஸ்', 'பிரேக்ஃபாஸ்ட் கிளப்'. கதை முதலாவதிலிருந்து, மைதானக் காட்சிகள் இரண்டாவதிலிருந்து, தண்டனை வகுப்பு மூன்றாவதிலிருந்து. நான்காவதுக்கு நேரமிருந்தால் 'குரூயல் இன்டென்ஷன்ஸ்'. ஜேக்கின் சகோதரி கேத்தரின் அதிலிருந்து வந்தவள். சியர்லீடர் காட்சிகளுக்கு 'பிரிங் இட் ஆன்', வயதை மறைத்துப் பள்ளியில் படிக்கும் கிழவிக்கு 'நெவர் பீன் கிஸ்டு', பிளாஸ்டிக் பையைப் பின்தொடரும் பையனுக்கு 'அமெரிக்கன் பியூட்டி'. இவற்றைப் பார்க்காவிட்டாலும் காட்சியிலிருந்தே ஊகித்துவிட முடியும். கேலி செய்யப்படும் படங்களில் பல 1999 என்ற ஒரே வருடத்தில் வந்தவை. அந்த வருடம் அமெரிக்கத் தியேட்டர்களில் பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு நெரிசலாக நின்றிருப்பார்கள் என்பதற்கு இந்தப் படமே சாட்சி.

இனி பதிப்பு. வாங்க வேண்டியது 89 நிமிடப் பதிப்பு. இதில் சந்தேகமே வேண்டாம்.

காரணம் வேகம். பகடியில் ஒரு ஜோக் விழுந்து, பார்ப்பவர் மூலப் படத்தை அடையாளம் கண்டு, சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிட வேண்டும். இடைவெளி விட்டால் மனம் கதையைத் தேடிப் போகும். இங்கே கதை என்று தனியாக ஒன்றும் இல்லை. 89 நிமிடத்தில் இந்தக் கணக்கு அநேகமாக எல்லா இடத்திலும் சரியாக இருக்கிறது. அதன்மேல் 10 நிமிடத்துக்கு மேல் ஏற்றினால் சுமார் எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. ஏற்கெனவே முடிந்த ஜோக்கின் வால் நீளுகிறது, வெட்டு விழ வேண்டிய இடத்தில் விழுவதில்லை. மெதுவாகக் கைதட்ட ஆரம்பிக்கும் பையன் இதற்கு நல்ல உதாரணம். பதின்வயதுப் படங்களில் யாராவது ஒருவர் எழுந்து ஒற்றையாகக் கைதட்ட, மெல்ல மெல்ல எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள் அல்லவா? இந்தப் படத்தில் அதற்கென்றே ஒருவன் இருக்கிறான். தவறான நேரத்தில் தட்டத் தொடங்கி, 'இப்போது இல்லை' என்று அடக்கப்படுகிறான். அந்தப் பாத்திரத்துக்குச் சில நொடிதான் ஆயுள். அதைத் தாண்டினால் செத்துவிடும். படம் முழுக்க இப்படிப்பட்ட அளவுகளில்தான் நிற்கிறது.

'அன்ரேட்டட்' என்ற சொல்லைப் பற்றியும் தெளிவு வேண்டும். அமெரிக்கத் தணிக்கைத் தரவரிசைக்கு அந்த வெட்டை அனுப்பவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதால், தியேட்டரில் மறைத்த ஏதோ ஒன்று உள்ளே இருப்பதாக நினைத்து வாங்குவார்கள். தியேட்டர் பதிப்பே ஆர் சான்றிதழ் (17 வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையோடு மட்டுமே பார்க்கலாம்) பெற்றது, அதிலேயே நிர்வாணமும் கழிப்பறை நகைச்சுவையும் தாராளம். அந்தப் பக்கத்தில் கூடுதலாகக் கிடைப்பது மிகக் குறைவு. படத்தை ஏற்கெனவே இரண்டு மூன்று முறை பார்த்து, எடிட்டிங்கை ஒப்பிட ஆசைப்படுகிறவருக்கு நீட்டிய பதிப்பு பயன்படும். எந்தக் காட்சியில் எவ்வளவு சேர்த்தார்கள், அதனால் சிரிப்பு எங்கே நழுவியது என்று பார்ப்பது நகைச்சுவை எழுதுகிறவர்களுக்குப் பாடம். முதல் தடவை பார்க்கிறவர் அதில் தொடங்க வேண்டாம்.

படத்தின் தரத்துக்கு வருவோம். டிவிடி என்பதால் எல்லைகள் தெரிந்ததே. அமெரிக்க டிஸ்க்கில் படப்பரப்பு அகலத்தில் 720, உயரத்தில் 480 புள்ளிகள். நிறத் தகவல் அதிலும் பாதி அகலம், பாதி உயரத்தில் பதிவாகிறது. அடர் சிவப்பு உடையின் ஓரம் பெரிய திரையில் கொஞ்சம் கசிந்து தெரிந்தால் அது உங்கள் டிவியின் குற்றம் இல்லை, டிவிடி முறையிலேயே உள்ளது. இந்தப் படம் பளிச்சென்ற பள்ளிக்கூட வண்ணங்களில் எடுக்கப்பட்டது. பெரும்பாலும் பகல், நல்ல வெளிச்சம். இருட்டில் கட்டம் கட்டமாக உடையும் தொல்லை வர வாய்ப்புள்ள காட்சிகள் குறைவு. 32 அங்குல டிவியில் நிறைவாக இருக்கும். 55 அங்குலத்தில் முகங்கள் மென்மையாகிவிடும், ஆனாலும் பார்க்கலாம்.

அகலத்திரை டிஸ்க்தானா என்று அட்டையின் பின்புறம் பார்த்து வாங்குங்கள். 'அனமார்ஃபிக் வைட்ஸ்கிரீன்' என்றோ, 16:9 டிவிக்காக மேம்படுத்தியது என்றோ, 1.85:1 என்றோ இருக்க வேண்டும். 'ஃபுல் ஸ்கிரீன்' என்று போட்ட டிஸ்க் எந்தப் படத்துக்கும் நல்லதில்லை, பகடிக்கு மிகக் கெடுதல். நான்குக்கு மூன்று என்ற பழைய டிவிச் சட்டத்துக்குள் அடைக்கப் பக்கங்களை வெட்டினால், ஓரத்தில் நடக்கும் ஜோக் போய்விடும். முன்னால் இருவர் உருக்கமாகப் பேச, ஓரத்தில் வேறொருவன் ஏதோ செய்துகொண்டிருப்பது இந்த வகைப் படத்தின் வழக்கமான உத்தி.

சரியான டிஸ்க்கையும் தவறான செட்டிங் கெடுத்துவிடும். 1.85:1 படம் 16:9 டிவியில் ஓடும்போது மேலும் கீழும் நூல் போல மெல்லிய கறுப்புப் பட்டை வர வேண்டும். 1080 வரிசை டிவியில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 20 வரிசை. அந்தப் பட்டை தெரியவே இல்லை என்றால், டிவி படத்தைப் பெரிதாக்கி நான்கு ஓரங்களையும் வெட்டுகிறது என்று பொருள். டிவி மெனுவில் ஓவர்ஸ்கேனை அணையுங்கள். சில கம்பெனிகள் அதையே 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்ற பெயரில் வைத்திருப்பார்கள், அப்படியானால் அதை இயக்க வேண்டும். நான்கு பக்கமும் தடித்த கறுப்புச் சட்டம் வந்து நடுவில் படம் சிறிதாக ஓடினால், பிளேயர் இன்னும் 4:3 டிவிக்கென அமைக்கப்பட்டிருக்கிறது. பிளேயர் மெனுவில் டிவி வடிவத்தை 16:9 ஆக்குங்கள். ஆட்கள் எல்லோரும் ஒல்லியாக நெட்டையாகத் தெரிந்தால், பிளேயர் சரியாக அனுப்புகிறது, டிவிதான் 4:3-இல் நிற்கிறது.

இப்போது அந்தப் பாஸ் விஷயம். பலகையில் நிறுத்தினால் எழுத்தின் ஓரம் படிக்கட்டு போலத் தெரிகிறதா? பெரும்பாலான டிவிடி பிளேயர்களில் 'ஸ்டில் மோடு' என்று ஒரு செட்டிங் இருக்கும். அதில் ஆட்டோ, ஃபீல்டு, ஃபிரேம் என்று மூன்று தேர்வு. ஃபீல்டில் இருந்தால் நிறுத்தும்போது ஒன்றுவிட்டு ஒரு வரியை மட்டுமே காட்டும். 480 வரி 240 ஆகிவிடும். படம் ஆடாமல் நிற்கும், ஆனால் சின்ன எழுத்து கலைந்துவிடும். ஃபிரேமுக்கு மாற்றினால் முழு 480 வரியும் வரும். சில இடங்களில் நகரும் கையோ காலோ சீப்புப் பல் போல நடுங்கலாம். ஏனென்றால் நொடிக்கு 24 சட்டகமாக எடுத்த படத்தை அமெரிக்க டிவிக்காக 60 அரைச்சட்டகமாகப் பரப்பியிருக்கிறார்கள், அடுத்தடுத்த இரண்டு சட்டகங்களின் வரிகள் சில நேரம் ஒன்றாகக் கலந்துவிடும். அப்போது ரிமோட்டில் ஒரே ஒரு சட்டகம் முன்னால் நகர்த்துங்கள், தெளிந்துவிடும். கம்ப்யூட்டரில் விஎல்சி வைத்துப் பார்த்தால் ஆங்கில ஈ (E) விசையை அழுத்த ஒவ்வொரு சட்டகமாக நகரும், டீ (D) விசை சீப்புப் பல்லைச் சரிசெய்யும். சாப்பாட்டுக்கூடப் பலகையில் இதைச் செய்து பார்த்தால் வித்தியாசம் கண்ணெதிரே தெரியும்.

ஒலி 5.1 டால்பி டிஜிட்டல், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும். வசன நகைச்சுவைப் படங்களில் வழக்கமாக இருப்பது போல நடு ஸ்பீக்கருக்குத்தான் வேலை அதிகம். பாட்டு வந்தால் மட்டும் அறை விரியும். பிராம் இரவுக்கு முன் எல்லாப் பாத்திரங்களும் சேர்ந்து பாடும் ஒரு முழு இசைக்காட்சி உண்டு, அது ஒலியைச் சோதிக்க நல்ல இடம். இரண்டே ஸ்பீக்கரில் கேட்கிறவர்களுக்கு வசனம் பாட்டுக்கடியில் அமுங்கலாம். ரிசீவர் இருந்தால் நடு ஸ்பீக்கரை 2 அல்லது 3 டெசிபெல் உயர்த்துங்கள். இல்லையென்றால் பிளேயரில் டைனமிக் ரேஞ்ச் கட்டுப்பாட்டை இயக்குங்கள், சத்தமும் வசனமும் ஒரே மட்டத்துக்கு வரும்.

சப்டைட்டிலைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும்கூட. தெருப் பேச்சும் படப் பெயர்களும் வேகமாக வந்து விழுகின்றன. ஒரு எச்சரிக்கை: அமெரிக்க டிஸ்க்குகளில் 'குளோஸ்டு கேப்ஷன்' என்று இருப்பதும் சப்டைட்டிலும் ஒன்றல்ல. கேப்ஷன் எச்டிஎம்ஐ கம்பி வழியாக வராது, பழைய மஞ்சள் பின் கம்பியில் இணைத்தால்தான் டிவி அதைக் காட்டும். அட்டையில் சப்டைட்டில் என்ற சொல்லும் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கூடுதல் பகுதிகளில் மிகவும் மதிப்புள்ளவை கமெண்டரிகள், அதாவது படம் ஓடும்போதே அதைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்த ஒலித்தடங்கள். இயக்குநரும் எழுத்தாளர்களும் பேசுவது ஒரு தடம், நடிகர்கள் பேசுவது இன்னொரு தடம். முதலாவதைக் கேளுங்கள். ஐந்து பேர் எழுதிய திரைக்கதை இது. எந்த வரி எந்தப் படத்தைக் குறிவைத்தது என்று எழுதியவர்கள் வாயாலேயே கேட்டால் மறுமுறை பார்ப்பது வேறு படமாகிவிடும். அதைக் கேட்கும்போது சப்டைட்டிலை அணைக்காமல் விட்டுவையுங்கள். வசனத்தைக் கண்ணால் படித்துக்கொண்டே பேச்சைக் காதால் வாங்கலாம். நடிகர்களின் தடம் கலகலப்பு, தகவல் குறைவு. வேறு வேலை செய்துகொண்டே கேட்கலாம்.

மெரிலின் மேன்சனின் 'டெயின்டட் லவ்' பாடல் வீடியோவும் டிஸ்க்கில் உண்டு. 1981-இல் சாஃப்ட் செல் குழு பிரபலமாக்கிய பாட்டை அவர் இந்தப் படத்துக்காக மறுபடி பாடினார். படத்தின் பாடல் தொகுப்பே இந்த எண்ணத்தில் அமைந்தது: எண்பதுகளின் பாட்டு, 2001-இன் குழு. படம் செய்யும் வேலையைத்தான் பாட்டுகளும் செய்கின்றன. ஆகவே இதை வெறும் விளம்பரத் துண்டு என்று ஒதுக்க வேண்டாம். நீக்கிய காட்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை: முதலில் 89 நிமிடப் படம், பிறகு கமெண்டரி, அதற்கப்புறம் நீக்கிய காட்சிகள் என்று வைத்துக்கொண்டால், எதை ஏன் வெட்டினார்கள் என்பது தானாகப் புரியும்.

எல்லா ஜோக்கும் இன்று தாங்குகிறதா? இல்லை. முதல் காட்சியே கழிப்பறை மட்டத்துக்கு நெருங்கியது. மாணவிகள் கழிப்பறையின் மேலே காற்றுக்குழாய்க்குள் மூன்று பையன்கள் ஒளிந்திருக்கும் காட்சி அதற்கும் கீழே. உடல் குறைபாட்டை வைத்துச் செய்த சில கேலிகள் இன்று உறுத்தும். வெளிநாட்டு மாணவி ஒருத்தி உடையில்லாமலே நடமாடுவது, அந்த வகைப் படங்களின் கண்ணோட்டத்தைக் கேலி செய்வதற்காக என்று சொல்லலாம். ஆனால் கேலி செய்யும் பொருளையே அதுவும் விற்கிறது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய படம் இல்லை, குழந்தைகள் எட்டும் அலமாரியில் டிஸ்க்கை வைக்க வேண்டாம்.

தாங்குகிறவை நன்றாகவே தாங்குகின்றன. டியான் ரிச்மண்ட் நடித்த மாலிக் பாத்திரம் அதில் முதலிடம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைந்த படத்தில் ஒரே ஒரு கறுப்பின நண்பன் இருப்பான், சிரிப்பான், ஓரிரு வியப்புச் சொல் சொல்வான், கதையில் தலையிட மாட்டான். மாலிக் அதைத் தன் வேலை விவரம் போல அறிந்து வைத்திருக்கிறான். விருந்துக் காட்சியில் அவன் இன்னொரு கறுப்பினப் பையனைப் பார்க்கிறான். அந்த வேடத்தில் ஷான் பேட்ரிக் தாமஸ், 'குரூயல் இன்டென்ஷன்ஸ்'இல் நடித்தவர். ஒரு விருந்துக்கு ஒருவன்தானே என்று இருவருக்கும் தெரியும். வந்தவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நாகரிகமாக விலகுகிறான். சத்தமில்லை, கோமாளித்தனமில்லை, முழுக் காட்சியும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஹாலிவுட்டின் வழக்கம் ஒன்றை இதைவிடச் சுருக்கமாகக் காட்டுவது கடினம். இந்த ஒரு காட்சிக்காக டிஸ்க்கை வைத்திருக்கலாம்.

கடைசியாக, வாங்கும்போது ஏமாறாமல் இருக்கச் சில விஷயங்கள். டிவிடிகளுக்கு மண்டல எண் உண்டு. அமெரிக்காவும் கனடாவும் 1, பிரிட்டனும் ஐரோப்பாவும் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, ஆஸ்திரேலியா 4, இந்தியத் துணைக்கண்டம் 5. கூடுதல் பகுதிகளுக்காக அமெரிக்க டிஸ்க்கை வரவழைத்தால், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கிய பிளேயர் அதை ஏற்காமல் போகலாம். எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் வேண்டும். கம்ப்யூட்டர் டிரைவில் மண்டலத்தை மொத்தம் ஐந்து முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவதில் பூட்டிக்கொள்ளும். டிஸ்க்கைப் போட்டதும் மண்டலத்தை மாற்றவா என்று கம்ப்யூட்டர் கேட்டால் அவசரப்பட்டுச் 'சரி' அழுத்தாதீர்கள்.

ஐரோப்பிய, ஆஸ்திரேலிய டிஸ்க்குகள் பேல் (PAL) என்ற அந்த நாடுகளின் டிவி முறையில் வந்தவை. அதில் படம் நொடிக்கு 25 சட்டகமாக, அதாவது நான்கு சதவீதம் வேகமாக ஓடும். 89 நிமிடப் படம் 85 சொச்சத்தில் முடியும். அட்டையில் 85 என்று பார்த்து, காட்சி வெட்டிய பதிப்பு என்று பயப்பட வேண்டாம். நீட்டிய பதிப்பு அங்கே 96 வாக்கில் நிற்கும். 89-ஐயும் 96-ஐயும் வைத்துக் குழம்பாமல், எந்த முறை என்று முதலில் பாருங்கள். பேல் டிஸ்க்கில் 576 வரி என்பதால் படம் கொஞ்சம் கூர்மை, ஆனால் பதிவின்போது ஈடுசெய்யாவிட்டால் குரலும் பாட்டும் அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு மேலே ஏறியிருக்கும். பலகைகளைப் படிக்க வேண்டுமானால் பேல், பாட்டைக் கேட்க வேண்டுமானால் அமெரிக்க டிஸ்க்.

இன்று கிடைப்பவை பெரும்பாலும் ஒருமுறை கைமாறியவை. டிஸ்க்கை விளக்குக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். நடுத் துளையிலிருந்து விளிம்பை நோக்கி ஆரம் போலப் போகும் கீறலைப் பிளேயர் பெரும்பாலும் சமாளித்துவிடும். வட்டத்தோடு வட்டமாகச் சுற்றிப் போகும் கீறல்தான் ஆபத்து, தொடர்ந்து பல நொடித் தகவலை அது தின்றுவிடும். துடைக்கும்போதும் அதனால்தான் நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில் துடைக்க வேண்டும், சுழற்றித் துடைக்கக் கூடாது. விளிம்பில் வெண்கல நிறமோ காளான் படிந்தது போன்ற புள்ளிகளோ தெரிந்தால் உள்ளிருக்கும் உலோகப் படலம் கெட ஆரம்பித்திருக்கிறது, துடைத்தால் போகாது. ஓரடுக்கு டிவிடி உள்ளிருந்து வெளியே ஓடுவது என்பதால், விளிம்பு கெட்ட டிஸ்க் முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு பிராம் காட்சி வாக்கில் தடுக்கலாம். இரட்டை அடுக்கு டிஸ்க்கானால் இடையே ஓரிடத்தில் படம் அரை நொடி நிற்பது பழுது இல்லை, லென்ஸ் அடுத்த அடுக்குக்கு மாறுகிறது. வாங்கிய அன்றே பிராம் காட்சிக்கும் விமான நிலையக் காட்சிக்கும் தாவி ஓட்டிப் பார்த்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே.